அஃப்ஷாவின் வலது கை

திங்கட்கிழமை காலையில் மைதானத்துக்குள் கால் வைப்பதென்றாலே பிரபாவதிக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குக் கல்லூரி நிர்வாகம் மைதானத்தை வாடகைக்கு விட்டிருக்கும். பந்தல்காரன் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். மற்றதெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். பனீர் குழம்பு காய்ந்து ஒட்டிய தட்டுகள், மென்று துப்பிய பான், பல் குத்திப் போட்ட குச்சிகள். பம்பாய்ச் செம்பூர்க் காற்று கொஞ்சம் திரும்பினால் குப்பைமேட்டு நாற்றமும் கூடச் சேர்ந்துகொள்ளும். இதற்கு நடுவில்தான் கல்லூரியின் பெண்கள் ஃபிளாக் ஃபுட்பால் அணி காலை ஆறு மணிக்கு வரிசையாகக் குனிந்து குச்சி பொறுக்கும். குச்சி ஷூவைத் துளைத்துக் காலில் ஏறினால் ஓட முடியாது. அந்தப் பெண்களைப் பிடித்து வந்திருந்ததே ஓடுவதற்குத்தான்.

பிடித்து வந்தவர் சிவகுருநாதன். விளையாட்டுத் துறைக்கு பம்பாய்க் கல்லூரிகளில் ஜிம்கானா என்று பெயர். அந்த ஜிம்கானாவுக்கு அவர்தான் டைரக்டர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கல்லூரிக் காலத்தில் நூறு மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். அந்த வெண்கலத்தை முப்பது வருஷமாக எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபிளாக் ஃபுட்பால் ஒலிம்பிக்ஸில் சேர்ந்துவிட்டது என்று எங்கோ படித்த நாளிலிருந்து மனுஷன் தரையில் நிற்கவில்லை. அமெரிக்கர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதி விழுந்து ஆடுகிற ஃபுட்பாலின் மோதாத வடிவம் அது. ஐந்து ஐந்து பேர். ஒருத்தி பந்தை எறிவாள், மற்றவர்கள் ஓடிப்போய் அதைப் பிடித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டவேண்டும். தடுக்கிறவள் ஆளைத் தொடக்கூடாது. இடுப்பு பெல்ட்டில் இருபுறமும் ரிப்பன் தொங்கும். அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்பீடு இருந்தால் கோச்சிங் எதற்கு என்பது சிவகுருநாதனின் சித்தாந்தம். அதை அவர் வாய் கிழியச் சொல்லுவார். ஓட்டப் பந்தயத்தில் இருந்த நான்கு பெண்களைக் கொத்தாகத் தூக்கி இந்த ஆட்டத்தில் போட்டார். அவரிடம் இருந்தது ஒரே திட்டம்: எல்லாரும் நேராக ஓடுங்கள், ஜெபசெல்வி தூரமாக எறிவாள். ஜெபசெல்வி த்ரோபால் ஆடியவள், கையில் பலம் உண்டு. கல்லூரி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் பெண்கள் ஒன்பது பேரும் தபால்தலை அளவுக்கு இருந்தார்கள், சிவகுருநாதன் ஆள் உயரத்துக்கு இருந்தார். ஒவ்வொரு நாளும் அவர் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு யாரையாவது ஓடவிட்டு ரீல் எடுத்துப் போடுவார். பெரும்பாலும் அஃப்ஷாவைத்தான் ஓடவிடுவார்.

அஃப்ஷா பி.காம். இரண்டாம் வருஷம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் முகைதீனின் மகள், மேலப்பாளையத்துக் குடும்பம். நூறு மீட்டரைப் பன்னிரண்டரை வினாடிக்குள் ஓடுவாள். மைதானத்தின் மேடுபள்ளத்தில் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் பிரபாவதிக்கு நாற்றமெல்லாம் மறந்துபோகும். மகளுக்கு ஒரு வருஷம் தந்திருந்தார் முகைதீன். அடுத்த மே மாதத்துக்குள் மாநில அளவில் பெயர் வந்தால் தொடரலாம், இல்லையென்றால் காலேஜ் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து ஆன்லைன் ஆர்டரைப் பார்க்கவேண்டும் என்று பேச்சு. அவள் அதற்குப் பல்கலைக்கழக ஓட்டத் தேர்வைத்தான் நம்பியிருந்தாள். ஃபிளாக் ஃபுட்பால் ஆட்டத் தேதியோடு மோதுகிறது என்று சிவகுருநாதன் அந்தத் தேர்வுக்கு அவள் பெயரை அனுப்பாமலே விட்டுவிட்டார். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். டிசம்பரில் இறுதி ஆட்டம் நடக்கும்போது மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள், அவர்கள் பட்டியலில் பெயர் ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஓட்டமும் போச்சு, பந்தும் போச்சு.

பிரபாவதி அந்த ஜிம்கானாவில் பதினொரு வருஷமாக அசிஸ்டென்ட். செம்பூருக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் வீடு. பல்கலைக்கழகத்துக்காகக் கோ-கோ ஆடியவள். கோச் வேலைக்கு மூன்று தடவை மனுப் போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் அவளுக்குக் கிடைத்தது தண்ணீர் கேன் கணக்கும், பஸ் ஏற்பாடும், ஜெர்ஸி துவைக்கப் போடுகிற வேலையும்தான். ஆனாலும் கண் சும்மா இருக்குமா? முதல் வாரத்திலேயே அவள் கவனித்தாள். அஃப்ஷா ஓடும்போது திரும்பியே பார்ப்பதில்லை. ஓட்டப் பந்தயத்தில் திரும்பிப் பார்த்தால் திட்டு விழும், அப்படியே வளர்ந்த உடம்பு அது. ஜெபசெல்வி எறிகிற பந்து வந்து அவள் பிடரியில் அடித்துவிட்டுப் போகும். சிவகுருநாதன் அதற்கும் இன்னும் வேகமாக ஓடச் சொன்னார்.

மழைக்காலத்தில் சாயந்திரம் மற்றவர்கள் போனபின் பிரபாவதி அஃப்ஷாவை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நனைந்த டென்னிஸ் பந்துகளை எறிந்து, எட்டாவது அடியில் தலையை மட்டும் திருப்பு, தோளைத் திருப்பாதே, பந்தைக் கண்ணால் பிடித்தபிறகு கையை நீட்டு என்று மூன்று வாரம் விடாமல் செய்யவைத்தாள். மூன்றாவது வாரம் பத்துக்கு ஏழு பந்து கையில் தங்கியது. சிவகுருநாதன் அதை ரீல் எடுத்து, தன் பயிற்சி என்று போட்டுக்கொண்டார். அஃப்ஷா எல்லார் முன்னாலும் பிரபாவதியை மேம் என்பாள். சார் தலை மறைந்ததும் அக்கா என்று ஆகிவிடும். அந்த அக்காவுக்காகவே பிரபாவதி பல நாள் ஏழரை மணி வரை சேற்றில் நின்றாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்கோபரில் ஆட்ட விதிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு கல்லூரிக் கோச்சும் வரவேண்டும் என்று உத்தரவு. சிவகுருநாதனுக்கு அன்றைக்கு மாட்டுங்காவில் ஒரு காதுகுத்து. தன் பெயரில் பதிவு செய்து பிரபாவதியை அனுப்பிவைத்தார். அவள் காலை ஒன்பது முதல் சாயந்திரம் ஐந்து வரை முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். சான்றிதழ் சிவகுருநாதன் பெயரில் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு ஜிம்கானா அறையில், வெண்கலத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஆணி அடித்ததும் பிரபாவதிதான்.

அந்த நோட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவள் தன் கையாலோ முழங்கையாலோ எதிராளியின் கையை ரிப்பனில் படவிடாமல் தடுத்தால் தப்பு. வேண்டுமென்று தடுத்தாளா, தானாக நடந்ததா என்று பார்க்கமாட்டார்கள். தாண்டிய கோடு செல்லாது, தப்பு நடந்த இடத்திலிருந்து பத்து கஜம் பின்னால் போகவேண்டும். படித்த உடனே பிரபாவதிக்கு அஃப்ஷாவின் வலது கை ஞாபகம் வந்தது. கன்னத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கையை முழுசாக வீசு என்பது சிவகுருநாதனே கற்றுக்கொடுத்த பாடம். பந்து இடது கக்கத்தில் இருக்க, அவளுடைய வலது கை ஒவ்வொரு எட்டிலும் ரிப்பனுக்கு மேலே வாள் மாதிரி இறங்கும். எதிராளியின் கை அங்கே இருந்தால் அடி நிச்சயம்.

மறுநாள் பயிற்சியில் அதையே கண்ணால் பார்த்தாள். அணியில் அஃப்ஷாவுக்குச் சமமாக ஓடக்கூடியவள் சாருலதா ஒருத்திதான். சாருலதா பக்கத்தில் ஓடி ரிப்பனுக்குக் கை நீட்டிய நான்கு தடவையும் அஃப்ஷாவின் கை அவள் மணிக்கட்டில் விழுந்தது. சாருலதா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். இதைச் சரிசெய்ய முடியாதா என்றால் முடியும். ஆள் நெருங்குவது தெரிந்ததும் அந்தக் கையை மடக்கி மார்போடு ஏற்றிக்கொண்டு, நான்கைந்து எட்டு அப்படியே ஓடிவிட்டுப் பழையபடி வீசலாம். ஒரு மாதம் பழகினால் உடம்பில் ஏறிவிடும். பிரபாவதி சிவகுருநாதனிடம் போய், அஃப்ஷாவுடைய கையைப் பற்றி ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாள்.

அவர் முடிக்கவிடவில்லை. பெண்கள் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்து நின்ற நேரம் அது.

"பிரபா, நான் நூறு மீட்டர் ஓடி மெடல் வாங்கினவன். ஓடறப்ப கை எங்க இருக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா? உன்னோடது கோ-கோ. உக்காந்து உக்காந்து எழுந்திருக்கிற ஆட்டம். போ, தண்ணி கேன் வந்துடுச்சான்னு பாரு."

இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். அஃப்ஷா சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாவதி போய்த் தண்ணீர் கேன் வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. கேன் மூடியைத் திறந்துவைத்தாள். கேட்டுக்கு வெளியே அணுசக்தி நகர் ஊழியர் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட மனிதர்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். சொல்லுவதை மதிக்கிற இடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே அவள் மனசில் ஒன்று முடிவாகிவிட்டது. விசில் ஊதட்டும். நடு மைதானத்தில், நாலு பேர் பார்க்க, ரெஃப்ரி ஊதி இந்த ஆளின் மூக்கை உடைக்கட்டும். அப்போது சொல்லலாம்: சார், நான் ஆகஸ்ட்டிலேயே சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை அன்றிலிருந்து அவள் மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை குச்சி பொறுக்கும்போது அஃப்ஷா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, அன்னைக்கு சார்ட்ட என் கையப் பத்தி என்னமோ சொல்ல வந்தியளே, என்னது?"

பிரபாவதியின் நாக்கு நுனியில் பதினான்காம் பக்கம் முழுசாக இருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் சிவகுருநாதன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொண்டு தன்னுடைய ரீலைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் பதினான்காம் பக்கத்தை விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

அஃப்ஷா சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த தட்டைப் பொறுக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அப்புறம் ஆட்டங்கள் தொடங்கின. அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். அஃப்ஷாவின் இடுப்புக்குப் பக்கத்தில் வரும் அளவுக்கு ஓடுகிற பெண் எந்தக் கல்லூரியிலும் இல்லை. யாரும் ரிப்பனுக்குக் கை நீட்டாதபோது கை எப்படி வீசினால் என்ன? ஜெபசெல்வி எறிவாள், அஃப்ஷா தலையைத் திருப்பிப் பிடிப்பாள், பிறகு காற்றாகப் போய்விடுவாள். காலிறுதி, அரையிறுதி எல்லாம் அப்படியே போயிற்று. நிர்வாகம் சிவகுருநாதனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இன்னொரு ஃபிளெக்ஸ் வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பிரபாவதி விசிலுக்காகக் காத்திருந்தாள், அது ஊதாதபோது அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. தன் சொந்தப் பிள்ளைகள் ஜெயிக்கும்போது ஏமாற்றமடைகிற ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று அப்போது அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

இறுதி ஆட்டம் டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காட்கோபரில் ஒரு செயற்கைப் புல் மைதானத்தில், சாயந்திரம் நான்கு மணிக்கு நடந்தது. எதிர் அணியின் கோச் மெலிந்த ஒரு பெண், காதில் பென்சில் செருகியிருந்தாள். கையில் ஒரு கட்டு காகிதம், ஒவ்வொன்றிலும் அம்புக்குறிகள். அவளுடைய பெண்கள் பெரிய ஓட்டக்காரிகள் இல்லை. ஆனால் ஆறு அடி என்றால் ஆறாவது அடியில் திரும்பினார்கள், பந்து வருவதற்கு முன்னாலேயே கை அங்கே இருந்தது. பார்க்கப் பார்க்க பிரபாவதிக்கு வயிறு எரிந்தது. கற்றுக்கொடுக்கப்பட்ட உடம்பு எப்படி இருக்கும் என்று நாலு மாதமாக அவள் கனவில் கண்டது அங்கே நடந்துகொண்டிருந்தது.

அவர்களில் ஏழாம் எண் போட்டவள் மட்டும் வேகக்காரி. அவளை அஃப்ஷாவோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். ஏழாம் எண் எப்போதும் அஃப்ஷாவின் வலது பக்கமாகவே ஓடினாள். முதல் பாதி முடிகிற சமயம் அந்த கோச் பெண் தன் வலது இடுப்பைத் தட்டிக்காட்டி ஏழாம் எண்ணிடம் ஏதோ சொன்னாள். பிரபாவதிக்குச் சுரீர் என்றது. ரீல். சிவகுருநாதன் நாள் தவறாமல் போட்ட அத்தனை ரீலிலும் அஃப்ஷாவின் வலது கை வீசிக்கொண்டிருந்ததே. எதிராளி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், நோட்டில் எழுதியிருக்கிறாள், தன் பிள்ளைக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள்: அவள் கைக்குக் கீழே உன் கையை வை, மற்றதை அவளே செய்வாள்.

இடைவேளையில் பிரபாவதி தண்ணீர் பாட்டிலோடு அஃப்ஷாவுக்கு நேர் எதிரே நின்றாள். இரண்டு நிமிஷம் முழுசாக இருந்தது. வேலியோரம் முகைதீன், பட்டறையைப் பாதி நாள் மூடிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். மகள் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினார். வலது கையை மடக்கிக்கோ என்று ஒரு வார்த்தை போதும். நாலு மாதப் பழக்கத்தை இப்போது ஒரு வார்த்தையில் மாற்றமுடியாது, சொன்னால் பிள்ளை குழம்பிப்போவாள், வேகம் குறையும் என்று பிரபாவதி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் சும்மா. சிவகுருநாதன் இரண்டடி தள்ளி நின்று, கேமராவுக்கு விரலை விரித்து வெற்றிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அந்த விரலை முறிக்கிற விசில் இன்றைக்கு நிச்சயம் ஊதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் நிஜமான காரணம். அவள் பாட்டிலை நீட்டினாள், அஃப்ஷா குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

ஆட்டத்தின் கடைசி நொடிகள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், கடிகாரத்தில் எட்டு வினாடி மிச்சம். ஜெபசெல்வி பின்னால் மூன்று எட்டு வைத்துத் தூக்கி எறிந்தாள். அஃப்ஷா எட்டாவது அடியில் தலையை மட்டும் திருப்பினாள், தோள் அசையவில்லை. கண்ணால் பிடித்தாள், பிறகு கையால் பிடித்தாள். பிரபாவதி சேற்றில் நின்று சொல்லிக்கொடுத்தது அப்படியே, ஒரு இம்மி பிசகாமல் நடந்தது. பந்து இடது கக்கத்துக்குப் போயிற்று, அஃப்ஷா பறந்தாள். ஏழாம் எண் ஒட்டிக்கொண்டே வந்தாள். ரிப்பனுக்குக் கை நீட்டினாள், வலது கை இறங்கித் தட்டிவிட்டது. மறுபடி நீட்டினாள், மறுபடி தட்டிற்று. அஃப்ஷா கோட்டைத் தாண்டினாள். ரிப்பன் இரண்டும் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. இவர்கள் பக்கம் கூச்சல் எழும்பியது, முகைதீன் பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்தார்.

மைதானத்தின் நடுவில் தப்பைக் காட்ட ரெஃப்ரி எறிந்த மஞ்சள் துணி கிடந்தது. அவள் விசிலை நீளமாக ஊதி, தன் இடுப்பருகே கையை வெட்டிக் காட்டினாள். தாண்டிய கோடு செல்லாது. கடிகாரம் ஓடி முடிந்திருந்ததால் திரும்ப ஆடவும் வழியில்லை. ஏழாம் எண்ணை மற்றவர்கள் தோளில் தூக்கினார்கள். அஃப்ஷா கோட்டுக்கு அப்பால் பந்தோடு நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை. தன் இடுப்பைக் குனிந்து குனிந்து பார்த்தாள். ரிப்பன் இரண்டும் இருந்தனவே என்று எல்லாருக்கும் தொட்டுக் காட்டினாள்.

சிவகுருநாதன் முதலில் ரெஃப்ரியோடு சண்டைக்குப் போனார். அவள் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டியதும் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். வந்தவர் நேராக அஃப்ஷாவைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாசம் என்ன கிழித்தாய், ரூல் தெரியாமல் மைதானத்தில் ஏன் இறங்கினாய், காலேஜ் மானத்தை வாங்கிவிட்டாயே என்று பத்துப் பேர் பார்க்கக் கத்தினார். அந்தக் கை வீச்சைச் சொல்லிக்கொடுத்த வாய் அது. அதிலிருந்து எச்சில் தெறித்ததைப் பார்க்கப் பார்க்க பிரபாவதிக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. திங்கட்கிழமைத் தட்டுகளைவிட மோசமாக நாறினார் மனுஷன்.

நாலு மாதமாக வாயில் அடக்கிவைத்த வாக்கியத்துக்கு நேரம் வந்துவிட்டது. சார், நான் ஆகஸ்ட்டிலேயே சொன்னேன். மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் அஃப்ஷா நின்றுகொண்டிருந்தாள், கண் சிவந்து, பந்தை இன்னும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. இதைச் சொன்னால் முதலில் கேட்கப்போகிறவள் அவள்தான். ஆகஸ்ட்டில் தெரிந்தது, செப்டம்பரில் கேட்டபோது ஏன் ஒண்ணுமில்லை என்று ஆயிற்று என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவாள். பிரபாவதி வாயை மூடிக்கொண்டாள். ஆசையாக அடக்கிவைத்தது கெட்டுப்போன பால் மாதிரி தொண்டையில் நின்றது.

ஐந்தரை மணிக்குப் பட்டியல் வந்தது. மாநில முகாமுக்கு எடுத்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கம்பத்தில் ஒட்டினார்கள். ஏழாம் எண் பெண்ணின் பெயர் இருந்தது. ஜெபசெல்வி பெயர்கூட இருந்தது. அஃப்ஷா அந்தத் தாளை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். பிரபாவதி ஆள் எடுக்க வந்த அம்மாளிடம் போய்க் கேட்டாள். அந்த அம்மாள் நல்லவிதமாகவே பதில் சொன்னாள்: "தேஜ் பஹுத் ஹை. லேகின் கிஸீனே சிகாயா நஹீ." வேகம் நிறைய இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு அவள் காருக்கு நடந்தாள்.

சிவகுருநாதன் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மற்றப் பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பிரபாவதி பெல்ட்டுகளைச் சேகரிக்கத் திரும்பி வந்தாள். அஃப்ஷா வேலியோரம் வாப்பாவோடு நின்றாள். முகைதீன் பிரபாவதிக்கு சலாம் சொன்னார். வெள்ளைச் சட்டையின் இஸ்திரி கலைந்திருந்தது. கோபமாக எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. கைய வீசுனது தப்புன்னு இவளுக்கு யாருமே முன்னாடி சொல்லலியா? எங்க பட்டறையில ஒருத்தன் தையல கோணலா விட்டா, பக்கத்து மிசின்ல இருக்கவன் அப்பமே சொல்லிருவான். பேச்சுவார்த்த இல்லாதவனா இருந்தாலும் சொல்லிருவான். தோலு வீணாப் போயிருமில்லா."

பிரபாவதி தோள் பையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அஃப்ஷாதான் வாப்பாவின் கையைப் பிடித்து அடக்கினாள்.

"அக்காவ ஏன் கேக்கிய வாப்பா? அக்காட்ட நானே கேட்டேன். அவங்களும் ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சிருந்தாங்க. தெரிஞ்சிருந்தா அக்கா சொல்லிருப்பாங்க."

முகைதீன் உடனே தலையாட்டினார். தப்பாகக் கேட்டுவிட்டதாக மன்னிப்புக்கூடக் கேட்டார், மழையிலும் நின்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை மகள் வீட்டில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிரபாவதி தோளில் இருந்த பையில் அந்த நோட்டு இருந்தது. இருபத்திரண்டு பக்கமும் இருந்தன. இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். சிவகுருநாதனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிச் சேர்ந்து திட்டிவிட்டுப் போகலாம், அவர்கள் நம்புவார்கள், ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வருவார்கள். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. எச்சில் தெறிக்கக் கத்திய ஆளுக்காவது தெரியாது. தனக்குத் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியும் அஃப்ஷா," என்றாள். "ஆகஸ்ட்லயே தெரியும். சார்மேல இருந்த கோவத்துல உங்கிட்ட சொல்லாம விட்டேன். இன்னைக்கு இன்டர்வெல்லயும் சொல்லல."

முகைதீன் மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அஃப்ஷா குனிந்து இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினாள். ரிப்பன்கள் சிக்காதபடி அதைச் சுருட்டி, பிரபாவதியின் கையில் வைத்தாள்.

"சரி மேம்," என்றாள்.

சார் இல்லாத இடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வாப்பாவின் கையிலிருந்து தன் பையை வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.